சதுர அடி ரேட்டிலேயே வேலை கைவிட்டுப் போகுது: குமரி மாவட்டத்தில் சின்ன கட்டுமான நிறுவனம் போட்டியில் நிக்க வழி என்ன?

கேள்வி: தக்கலை சிவில்

தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டிக் கொடுக்கிற சின்ன நிறுவனம். ஒரே நேரத்தில் நாலஞ்சு சைட் ஓடும். எல்லாம் 1,200 முதல் 2,000 சதுர அடி வரைக்குமான தனி வீடுகள். ஜிஎஸ்டி பதிவு இருக்கு.

மெட்டீரியலோட சேர்த்து, ஜிஎஸ்டியும் உள்ளடக்கி சதுர அடிக்கு 2,650 ரூபாய் சொல்றோம். அதே பிளானுக்கு 2,200-க்குக் கட்டித் தர ஆள் இருக்கு. 1,500 சதுர அடி வீட்டில் இது 6 லட்சத்து 75 ஆயிரம் வித்தியாசம். எந்த வீட்டுக்காரரும் யோசிக்கத்தான் செய்வார்.

எங்க கணக்கு இது: மெட்டீரியல் கடை பில்படி 1,300, கூலி 650, ஆக 1,950. அதுக்கு மேல மேற்பார்வை, அலுவலகச் செலவு, லாபம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம். மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

கேக்க வேண்டியது மூணு. இதில் எங்கே குறைக்கலாம்? சென்ட்ரிங் தட்டு, மிக்சர் எல்லாம் சொந்தமா வாங்கினா ரேட்டு இறங்குமா? வீட்டு வேலையை விட்டுட்டு அரசு டெண்டர் பக்கம் போறது புத்திசாலித்தனமா? கம்பியிலயும் சிமெண்டிலயும் கை வைக்கிற யோசனையைத் தவிர எதுவானாலும் சொல்லுங்க.

பதில் 1: அளவுப் புத்தகம்

முதல்ல உங்க ஜிஎஸ்டி கணக்கைச் சரி பண்ணுங்க. வரிக்கு மேல வரி போட்டு வச்சிருக்கீங்க.

1,300 ரூபாய் மெட்டீரியல்னு எழுதினதில் கடைக்காரர் வாங்கின வரியும் அடக்கம். நீங்க பதிவு பெற்றவர், 18 சதவீதம் வரி போட்டு பில் கொடுக்கிறவர். அப்படின்னா அந்த வரி உங்களுக்கு உள்ளீட்டு வரவா திரும்பும், அதாவது நீங்க கட்ட வேண்டிய வரியில் அதைக் கழிச்சுக்கலாம். செலவுல சேர்க்கக் கூடாது. சிமெண்ட், கம்பி, டைல்ஸ், வயரிங், பிளம்பிங் சாமான், பெயிண்ட் வகையறா 1,000 ரூபாய்னு வைங்க. எல்லாத்துக்கும் இப்போ 18 சதவீதம்தான் (சிமெண்ட் 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 28-ல் இருந்தது, பழைய கணக்குத்தாளை வச்சு கொட்டேஷன் போடாதீங்க). அதுக்குள்ள இருக்கிற வரி 152 ரூபாய் 50 காசு. எம் சாண்ட், ஜல்லி மாதிரி 5 சதவீதச் சாமான் 300 ரூபாய்னா அதில் 14 ரூபாய் சொச்சம். ரெண்டும் சேர்ந்து 167.

இப்போ திருப்பிப் போடுங்க. மெட்டீரியல் 1,133, கூலி 650, ஆக 1,783. பதினஞ்சு சதவீதம் சேர்த்தா 2,050. ஜிஎஸ்டி சேர்த்தா 2,420. ஒரு செங்கல்லைக்கூடக் குறைக்காம 230 ரூபாய் இறங்கியாச்சு. உங்க லாபப் பகுதி 292-ல் இருந்து 267 ஆகுது, அவ்வளவுதான் நஷ்டம்.

அடுத்தது எதிராளி கணக்கு. ஜிஎஸ்டி இல்லாம வேலை செய்றவருக்குக் கடை வரி திரும்பாது, அது அவருக்குச் செலவு. அதே மெட்டீரியல், அதே கூலி, அதே 15 சதவீதத்துக்கு அவர் சொல்ல வேண்டிய ரேட்டு 2,242. அதாவது பதிவு பெற்றதால உங்களுக்கு உள்ள சுமை 177 ரூபாய்; 18 சதவீதம்னு நீங்க போட்டு வச்சிருக்கிற 400 கிடையாது. 2,200-க்குச் சொல்றவர் கிட்டத்தட்ட 42 ரூபாயை வேற எங்கேயோ பிடிக்கிறார். அது எங்கேன்னு கொட்டேஷனை வாங்கிப் பார்த்தா தெரிஞ்சிரும். இன்னொண்ணு: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு கட்டாயம். மெட்டீரியலோட சேர்த்து ஒரே ஒரு வீடு எடுத்தாலே அது தாண்டும். பதிவில்லாமலே வருஷத்துக்கு அஞ்சாறு வீடு கட்டுற நிறுவனம் நோட்டீஸ் வர்ற நாள் வரைக்கும்தான் மலிவு.

இந்த வரவு கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. கடைக்காரர் அவர் ரிட்டர்ன்ல உங்க ஜிஎஸ்டி எண்ணோட பில்லை ஏத்தி, அது உங்க 2பி அறிக்கையில் (ஜிஎஸ்டி தளத்தில் மாசாமாசம் வர்ற வரவுப் பட்டியல்) வந்திருக்கணும். ஹார்டுவேர்ஸ்ல வெள்ளைச் சீட்டில் எழுதி வாங்கின கட்டுக்கம்பியும் ஆணியும் வராது. மாசம் ஒருமுறை 2பியையும் கடை பில்லையும் ஒப்பிட்டு, ஏறாத பில்லுக்கு மீதிப் பணத்தைப் பிடிச்சு வைங்க. அடுத்த மாசமே ஏறும்.

இனி அளவு. பேரம் பேசியே ரேட்டைக் குறைச்சிரலாம்னு நினைச்சா ஏமாந்துதான் போவீங்க. 1,500 சதுர அடிக்கு ஏறத்தாழ 600 முதல் 675 மூட்டை சிமெண்ட், அஞ்சரை டன் கம்பி. மூட்டைக்கு 10 ரூபாய் குறைச்சு வாங்கினா சதுர அடிக்கு 4 ரூபாய். கம்பியில் கிலோவுக்கு 2 ரூபாய் குறைச்சா 7 ரூபாய். ரெண்டும் சேர்ந்து 11 ரூபாய்க்காக நாலு கடை ஏறி இறங்கணும். அதே வீட்டில் சுவர் தூக்குப் பிடிக்காம (செங்குத்தா நிக்காம) போய் பூச்சு 12 மில்லிக்குப் பதிலா 17 மில்லி விழுந்தா என்ன ஆகுதுன்னு பாருங்க. உள்ளேயும் வெளியேயும் சீலிங்கும் சேர்த்து 6,000 சதுர அடி பூச்சுன்னா, அந்த 5 மில்லிக்கு மட்டும் 17 மூட்டை சிமெண்டும் ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) மேல பி சாண்டும் (பூச்சு மணல்) போகும், 1:5 கலவையில். இதில் கூலி சேரல. ஸ்லாப் ஒரு சென்டிமீட்டர் கனம் கூடினா 1.4 கன மீட்டர் காங்கிரீட், 11 மூட்டை. தட்டு மட்டம் பார்க்காம வார்க்கிற சைட்ல நடுவுல 14 சென்டிமீட்டரும் ஓரத்துல 12-ம் இருக்கும். மேல் மட்டத்தை நிரவிச் சரி பண்ணிட்டதால யார் கண்ணுக்கும் படாது.

கம்பி வாங்குறதில் ஒரே எச்சரிக்கை: எண்ணிக்கைக்கு வாங்காதீங்க. 12 மீட்டர் நீளத்தில் 8 மில்லி கம்பி 4.74 கிலோ, 10 மில்லி 7.4, 12 மில்லி 10.65, 16 மில்லி 18.96 இருக்கணும். ஐஎஸ் 1786 (கம்பிக்கான இந்தியத் தர விதி) படி 10 மில்லி வரைக்கும் 7 சதவீதம், 16 மில்லி வரைக்கும் 5 சதவீதம் முன்பின் அனுமதி. அதுக்குக் கீழே போற கம்பியை எடைக்கு வாங்கினா எண்ணிக்கை கூட வரும், பார்க்க லாபம் மாதிரியே இருக்கும். ஆனா டிராயிங்கில் சொன்ன குறுக்குப் பரப்பு அந்தக் கம்பியில் இருக்காது.

பதில் 2: மார்த்தாண்டம் எஸ்டிமேட்

அண்ணாச்சி வரியைச் சொல்லிட்டாரு. அந்த 42 ரூபாய் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு நான் சொல்றேன். நம்ம மாவட்டத்தில் முக்கால்வாசி நேரம் அது பேஸ்மெண்ட்லதான் கிடக்கும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் சமதளமா மனை கிடைக்கிறது அபூர்வம். ரப்பர் விளையைப் பிரிச்சுப் போட்ட மனைன்னா ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் நாலடி வித்தியாசம் சாதாரணம். கொட்டேஷன்ல “பேஸ்மெண்ட் 2 அடி”ன்னு ஒரு வரி இருக்கும். எங்கிருந்து 2 அடின்னு இருக்காது. ரோட்டு மட்டத்துல இருந்தா, மனையின் உயர்ந்த மூலையில் இருந்தா, தாழ்ந்த மூலையில் இருந்தா? 50-க்கு 30 வீட்டில் வெளிச்சுவர் 160 அடி, உள்சுவர் ஒரு 130 அடி, மொத்தம் 290 அடி ஓட்டம். ஒன்றரை அடி அகலத்தில் கருங்கல் கட்டு ஒரு அடி உயர்ந்தா 435 கன அடி, நாலேகால் யூனிட்டுக்கு மேல கல்வேலை. உள்ளே நிரப்ப 1,065 கன அடி. திமிசு போட்டு இறுகினா அமுங்கும்கிறதால கால் பங்கு கூட்டி 1,330 கன அடி, 13 யூனிட் மண் அடிக்கணும். சராசரியா ஒரே ஒரு அடிக்கு இவ்வளவு. மலிவு கொட்டேஷன் இதை “எக்ஸ்ட்ரா”ன்னு பேஸ்மெண்ட் முடிஞ்ச பிறகு கேக்கும். அந்நேரம் வீட்டுக்காரரால ஆளை மாத்தவும் முடியாது.

அதனால ரேட்டு சொல்றதுக்கு முன்னாடி மனைக்குப் போய் டியூப் மட்டமோ ஆட்டோ லெவலோ வச்சு நாலு மூலை, ரோட்டு நடு, பக்கத்து வீட்டு முற்றம் ஆகிய மட்டங்களை எடுத்து ஒரு தாளில் வரைஞ்சு கொட்டேஷனோட பின் பண்ணுங்க. ரெண்டு மணி நேர வேலை. “இவன்தான் மனையை அளந்து பாத்துட்டு ரேட்டு சொன்னவன்”ங்கிற பேச்சு ஊருக்குள்ள எந்த நோட்டீஸை விடவும் வேகமா போகும்.

அடுத்த ஒளிவிடம் அளக்கிற முறை. போர்டிகோவுக்கு முழு ரேட்டா பாதியா? சன்ஷேடைப் பரப்பில் சேர்ப்பீங்களா? மாடிப்படி ரெண்டு தளத்திலும் அளக்கப்படுமா? செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்ட், மோட்டார், ஈபி இணைப்பு வைப்புத்தொகை, தற்காலிக இணைப்புக் கட்டணம் யார் பொறுப்பு? ஒவ்வொண்ணுக்கும் உண்டு, இல்லை, அளவுன்னு மூணு கட்டம் போட்ட ஒரு பக்க அட்டவணை தயார் பண்ணுங்க. உங்க பத்தியை நிரப்பி, பக்கத்துப் பத்தியைக் காலியா விட்டு வீட்டுக்காரர் கையில் குடுத்திருங்க. “மத்தவங்க ரேட்டையும் இதில் எழுதி வாங்கிட்டு வாங்க”ன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் காலிப் பத்தியை நிரப்பத் தயங்குற ஆள்கிட்ட வீட்டுக்காரரே கேள்வி கேக்க ஆரம்பிச்சிருவார்.

பிளான் அனுமதியையும் உங்க சேவையில் சேர்த்துக்குங்க. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடிக்குள்ள உள்ள மனையில், அதாவது 5.7 சென்டுக்குள்ள, 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதோட ஒரு மாடியோ கட்ட ஒற்றைச் சாளரத் தளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்குது. பத்திரமும் பட்டாவும் பொருந்தலைன்னா அங்கேயே நிக்கும். அதை ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடியே பார்த்துக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் நல்லது.

பதில் 3: பள்ளியாடி மேஸ்திரி

தட்டு, மிக்சர் பத்திக் கேட்ட தம்பிக்கு.

1,200 சதுர அடி ஸ்லாபுக்கு மூணுக்கு ரெண்டு தட்டு 200 வேணும், பீம் பக்கப் பலகை தனி. வாடகைக்கு எடுத்தா நாள் கணக்கு ஓடும். மழையில் நிக்கிற நாளுக்கும் ஓடும். சொந்தமா வாங்கினா லாபம்தான். ஆனா தட்டு சும்மா கிடக்கக் கூடாது. அடிக்க மூணு நாள், கம்பி கட்ட மூணு நாள், வார்ப்பு ஒரு நாள், பிறகு காத்திருப்பு. சாதா சிமெண்டுக்கு ஐஎஸ் 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்ற கணக்கு: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேல 14. பீம் 6 மீட்டர் வரை 14 நாள், மேல போனா 21. நாம போடுறது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்). அது மெதுவாத்தான் பலம் பிடிக்கும்கிறதால இன்னும் கொஞ்ச நாள் விடணும்.

இதில் பலரும் கவனிக்காதது, ஸ்லாப் தட்டும் பீம் அடிப்பலகையும் ஒரே நாளில் கழறணும்னு அவசியமில்லை. பீம் அடிப்பலகையும் அதுக்கு உள்ள ஜாக்கியும் (முட்டுக் கம்பம்) தனி செட்டா ரெட்டிப்பு வச்சுக்கிட்டா, அறை ஸ்லாப் தட்டுகள் முன்னாடியே அடுத்த சைட்டுக்குப் போயிரும், பீம் முட்டு நின்னபடி நிக்கும். அதனால தட்டு இன்னொரு 200 வாங்குற காசுக்கு ஜாக்கியும் பீம் பலகையும் வாங்குங்க. தட்டு கழறின உடனே சுரண்டி எண்ணெய் போட்டு அடுக்கலைன்னா அடுத்த ஸ்லாப்ல பூச்சு வேலை கூடும். ஓரம் வளைஞ்ச தட்டுல சிமெண்ட் பால் ஒழுகி அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும்.

மிக்சர்: 1,200 சதுர அடி, அஞ்சு இஞ்ச் ஸ்லாப் 14 கன மீட்டர், பீம் ஒரு 4, ஆக 18. எம்20-க்கு (சாதாரண வீட்டுக் காங்கிரீட் தரம்) கன மீட்டருக்கு 8 மூட்டைன்னா 144 மூட்டை. ஒரு மூட்டை மிக்சர் ஒரு சுத்துக்கு நாலு நிமிஷம், ஒத்தை மிக்சர்னா ஒன்பதரை மணி நேரம் நிக்காம ஓடணும். சாயங்காலம் மழை பிடிச்சா பாதியில் ஜாயிண்ட். ஒண்ணு சொந்தமா வச்சுக்கிட்டு, வார்ப்பு அன்னைக்கு மட்டும் இன்னொண்ணு வாடகைக்கு எடுங்க. சட்டிக் கணக்கை நிறுத்துங்க. ஒண்ணேகால் கன அடி பெட்டி செஞ்சு ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூணு பெட்டி. தண்ணி 25 லிட்டர் குடத்தால அளந்து. ஈர மணல் பொங்கி நிக்கும், அதுக்கும் கணக்குப் பார்க்கணும். ரெடிமிக்ஸ் வண்டி நாகர்கோவில் சுத்தி நல்லா வரும். மேற்கே ஊடுவழியில், ஏத்தத்தில், மரக்கிளை தாழ்ந்த பாதையில் வண்டி ஏறாது. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பாதையை நடந்து பாத்துருங்க.

ஆள் நிக்காததுக்குக் கூலி மட்டும் காரணமில்லை. களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா கூலி கூடுதல், அதோட போட்டி போட முடியாது. ஆனா வேலை நாள் விட்டு நாள் இருக்கிற சைட்டை விட்டுட்டுத்தான் கொத்தனார் முதல்ல போவார். மணல் வரல, எலெக்ட்ரீசியன் சுவர் வெட்டல, வீட்டுக்காரர் டைல்ஸ் எடுக்கலன்னு வாரத்தில் ரெண்டு நாள் திருப்பி அனுப்பினா யார் நிப்பா? நாலு சைட்டுக்கும் சேர்த்து அடுத்த வார ஆள் பட்டியலை வெள்ளிக்கிழமையே எழுதணும். ஒரு சைட் நின்னா அந்த ஆளுக்கு மாற்று சைட் எதுன்னு அதிலேயே இருக்கணும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் தவறக் கூடாது. பூச்சும் டைல்ஸும் சதுர அடிக் கூலிக்கு விடலாம், ஆள் வேகமா செய்வான். முதல் வரிசைக் கட்டு, தூண் வார்ப்பு, கழிவறை வாட்டம், வாட்டர் புரூஃபிங் இதெல்லாம் நாள் கூலிக்குத்தான். அளவுக்கு விட்டா அவசரத்தில் கெடும்.

பதில் 4: முட்டம் கடலோரம்

மேலே சொன்ன 8 மூட்டை எம்20 கணக்கை குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி கரையோரத்துக்குக் கொண்டு வராதீங்க. ஐஎஸ் 456 கடலோரத்தைக் கடுமையான சூழல்னு வகைப்படுத்துது: கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குறைஞ்சது எம்30, சிமெண்ட் கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாம, தண்ணீர் விகிதம் 0.45-க்கு மேல போகாம, கம்பிக்குக் கவர் (கம்பியை மூடுற காங்கிரீட் கனம்) 45 மில்லி. கடல் சாரல் நேரடியா அடிக்கிற இடம்னா இன்னும் ஒரு படி மேலே, கவர் 50. கவரைக் கூட்டிட்டு ஸ்லாபை அதே அஞ்சு இஞ்ச்ல விட்டா கம்பி வேலை செய்ற ஆழம் குறைஞ்சிரும், அதனால கனத்தையும் கம்பியையும் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் மறுபடி கணக்குப் போடணும். எம்30 பெட்டிக் கணக்கில் வராது. டிசைன் மிக்ஸ் (சோதிச்சு விகிதம் போட்ட கலவை), பிளாஸ்டிசைசர் (தண்ணி குறைக்கிற மருந்து), எடைபோட்டுக் கலக்கிறது, இல்லைன்னா ரெடிமிக்ஸ்.

போர் தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுங்க. கம்பி உள்ள காங்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். கரையோரப் போரில் கோடையில் இது தாண்டிப் போகும், லாரித் தண்ணி செலவைக் கொட்டேஷனிலேயே காட்டுங்க. நனைக்கிறதுக்கும் நல்ல தண்ணிதான் வேணும், உப்புத் தண்ணியில் பாத்தி கட்டினா பலனில்லை.

கரையோரத்தில் உள்நாட்டு ரேட்டையே சொல்றவர்தான் மலிவா தெரிவார். நீங்க கரையோர ரேட்டு, உள்நாட்டு ரேட்டுன்னு ரெண்டு தாள் வச்சுக்கிட்டு, ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் எதுன்னு நாலு வரியில் எழுதுங்க. பக்கத்து வீட்டு சன்ஷேடில் துருப்பிடிச்ச கம்பி தெரியாத தெரு கரையோரத்தில் இல்லை. அதைக் காட்டினாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

கிழக்கே வேற பிரச்சினை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் தென்மேற்குப் பருவக் காத்து காற்றாலை ஓட்டுற வேகத்தில் அடிக்கும். அங்கே மே முதல் செப்டம்பர் வரை ஸ்லாப் வார்த்தா மேல்பரப்பு ஈரம் அரை மணியில் உறிஞ்சப்பட்டு, காங்கிரீட் இறுகுறதுக்கு முன்னாடியே முடிமுடியா வெடிப்பு விழும். அதிகாலையில் ஆரம்பிச்சு, நிரவின பகுதியை உடனுக்குடன் பாலித்தீன் விரிச்சு மூடிட்டே போகணும், காத்து வர்ற பக்கம் தார்ப்பாய் கட்டணும். இறுகினதும் பாத்தி கட்டித் தண்ணீர், பிபிசிக்குப் பத்து நாளுக்குக் குறையாம. பதினாலு விட்டா நல்லது.

நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு: ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரைதான் நம்பிக்கையான வறண்ட காலம். வயலை ஒட்டின தாழ்ந்த மனைகளில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுறதை அதுக்குள்ள முடிக்கிற மாதிரி மட்டும் ஒப்பந்தம் போடுங்க. ஒரு மழைக்கு வானம் நிறைஞ்சா, தண்ணி இறைச்சதோட முடியாது, சேறாகிப் போன அடிமண்ணைச் சுரண்டி எடுத்து மறுபடி பிசிசி (கம்பி இல்லாத அடிக் காங்கிரீட்) போடணும். ஜூனுக்கு முன்னாடி கூரை ஏறின சைட்டுகளை மழைக்காலத்து உள்பூச்சுக்கும் டைல்ஸுக்கும் ஒதுக்கி வச்சா ஆளும் கலையாது.

பதில் 5: வடசேரி கணக்கு

மேல உள்ளவங்க சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. தரத்தை விளக்கி வேலை பிடிக்கலாம், ஆனா சின்ன நிறுவனங்கள் மூடுறது ரேட்டில் தோத்து இல்லை. கையில் ரொக்கம் இல்லாம. ஒரு வீட்டுப் பணத்தை எடுத்து இன்னொரு வீட்டுக் கம்பிக்குக் கொடுக்கிறது ஆரம்பிச்சா, புது வேலை வந்துக்கிட்டே இருக்கணும், நின்னா நாலும் நிக்கும். அந்த நிலையில் உள்ளவர்தான் 2,200 என்ன, 2,000-க்கும் கையெழுத்துப் போடுவார், அட்வான்ஸ் தேவை அவருக்கு. அவரோட போட்டி போடாதீங்க.

தவணையை வேலையின் உண்மைச் செலவோட ஒட்டி வைங்க. ஒற்றைத்தள வீட்டில் கூரை வார்ப்பு முடியுறப்போ பாதிக்கு மேல செலவாகியிருக்கும். கையெழுத்தில் 10, பேஸ்மெண்ட் வேலை தொடங்கும்போது 15, லிண்டலுக்கு முன் 15, கூரைக் கம்பி இறக்குறதுக்கு முன் 20, பூச்சுக்கு 15, டைல்ஸ், ஜன்னல், கதவுக்கு 15, பெயிண்டுக்கு 7, சாவி கொடுக்கும்போது 3 சதவீதம். எல்லாமே அந்தந்த கட்டத்துக்கு முன்னாடி வாங்குற மாதிரி. வீட்டுக்கடன்னா வங்கி எஞ்சினியர் வந்து பார்த்த பிறகுதான் பணம் விடுவாங்க, அதாவது கட்டம் முடிஞ்ச பின்னாடி. அந்த இடைவெளியை வீட்டுக்காரர் சொந்தப் பணத்தில் ஈடுகட்டுவாரா இல்லையான்னு முதல் பேச்சிலேயே கேளுங்க. சைட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு தொடங்க முடியலைன்னாலும் சைட்டுக்கு ஒரு பேரேடாவது கட்டாயம்.

ரொக்கம் இருந்தா கடையில் பேச்சு மாறும். கடனுக்கு எடுக்கிறப்போ மூட்டைக்கு கூடுதலா வைக்கிறது ஒரு பக்கம், எந்த பிராண்ட் தர்றாரோ அதை வாங்க வேண்டிய கட்டாயம் இன்னொரு பக்கம்.

நம்ம மாவட்டத்தில் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், இங்கே சைட்டுக்கு வர்றது அப்பாவோ மாமனாரோ. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்வாங்க. “மாடிப்படியைத் திருப்பிப் போடு”ன்னு மாமனார் சொன்னதைச் செஞ்சிட்டு மகனிடம் பில் அனுப்பினா சண்டைதான். ஒப்பந்தத்திலேயே முடிவெடுக்கிறவர் யார்னு ஒரே பேர் எழுதுங்க. மாற்றம் வந்தா என்ன மாற்றம், எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் கூடும்னு மூணு வரி வாட்சப்பில் போட்டு, “சரி”ன்னு பதில் வந்த பிறகே கை வைங்க. வாரம் ஒருமுறை நாலு நிமிஷ வீடியோ அனுப்புங்க. அதில் சும்மா சுத்திக் காட்டாம, டேப்பை ஸ்லாப் கம்பி இடைவெளியில் வச்சு, கவர் பிளாக்கைக் காட்டி, சுவரில் தூக்குக்குண்டு விட்டு எடுங்க. துபாயிலோ குவைத்திலோ பக்கத்து அறையில் இருக்கிறவர்தான் உங்க அடுத்த வாடிக்கையாளர்.

லேபர் கான்ட்ராக்ட் யோசிக்கலாம். குடியிருப்பு வளாகத்தில் சேராத தனி வீட்டுக்கு வெறும் கூலி வேலை மட்டும் எடுத்தா ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மெட்டீரியலை வீட்டுக்காரர் தன் பேரில் வாங்குவார், நீங்க அளவுப் பட்டியல் கொடுத்து மேற்பார்வை பார்ப்பீங்க. அந்த 177 ரூபாய்ச் சுமை அப்படியே போயிரும், முதலீடும் தேவைப்படாது. ஆனா மெட்டீரியல் லேட்டானா உங்க ஆள் சும்மா நிப்பான். ஆள் நிறுத்தக் கூலி யார் தர்றதுன்னு எழுதிக்கணும்.

டெண்டர்: இப்போதைக்கு வேண்டாம். முன்வைப்புத் தொகை, பாதுகாப்பு வைப்பு, பில்லில் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2, வருமான வரி 1 அல்லது 2, தொழிலாளர் நல நிதி 1 சதவீதம்னு பிடிச்சது போக மீதி வரும், அதுவும் நிதி ஒதுக்கீடு வந்த பிறகு. மூணு நாலு மாசச் செலவைக் கடன் வாங்காம தாங்க முடியும்னா அப்போ பதிவு பண்ணுங்க.

தக்கலை சிவில்

ஜிஎஸ்டி வரவை இவ்வளவு நாளும் ஆடிட்டர் தனியா எடுத்துக்கிட்டு இருந்திருக்கார், கொட்டேஷன் ஷீட்டில் அது இறங்கவே இல்லை. மாத்தியாச்சு. இன்னும் ஒண்ணு: குவாரி விலை திடீர்னு ஏறுறதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுறது? “விலை ஏறினால் ரேட் மாறும்”னு எழுதினா வீட்டுக்காரர் பயப்படுறார்.

பதில் 6: அளவுப் புத்தகம்

பயப்படத்தான் செய்வார், அந்த வாசகத்துக்கு எல்லையே இல்லையே. இங்கே குவாரி குறைவு. நெல்லைப் பக்கமிருந்து காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியா வர்ற லோடை நம்பித்தான் இருக்கோம். கேரளாவுக்குப் போற லாரியும் அதே குவாரியில்தான் ஏத்துது. அதனால எம் சாண்டும் ஜல்லியும் சிமெண்டை விட அதிகமா ஆடும்.

இப்படி எழுதுங்க. சிமெண்ட், கம்பி, எம் சாண்ட், பி சாண்ட், 20 மில்லி ஜல்லி, செங்கல் அல்லது பிளாக், இந்த ஆறுக்கு மட்டும் ஒப்பந்த தேதியில் உள்ள கடை விலையை பில் நகலோட ஒரு அட்டவணையில் போடுங்க. பக்கத்துப் பத்தியில் இந்த வீட்டுக்கு ஒவ்வொண்ணும் எவ்வளவு தேவைன்னு கணக்கு அளவு. 5 சதவீதம் வரைக்கும் ஏற்றம் உங்க பொறுப்பு. அதுக்கு மேல ஏறினதில், அந்த மேல்பகுதி மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. அதே போல 5 சதவீதத்துக்கு மேல இறங்கினா அந்தப் பகுதி அவருக்குக் கழிவு. வித்தியாசத்தை அட்டவணையில் உள்ள கணக்கு அளவுக்குத்தான் பெருக்கணும், நீங்க உண்மையில் வாங்கின அளவுக்கு இல்லை. வீண் போனது உங்க தலையில். இதைப் படிச்சதும் அவர் சமாதானம் ஆவார்.

ஒரு உதாரணம்: எம் சாண்ட் அடிப்படை விலை யூனிட் 5,000-ன்னு வைங்க, கணக்கு அளவு 20 யூனிட். விலை 5,600 ஆச்சு. 5,250 வரை உங்களது; மீதி 350, இருபது யூனிட்டுக்கு 7,000 ரூபாய். விலை ஏறினப்போ அந்தக் கணக்கு அளவில் வாங்க மீதி இருந்தது 12 யூனிட்னா 4,200 மட்டும். வேலை உங்க தாமதத்தால இழுத்த காலத்தில் ஏறின விலையை இதில் சேர்க்கக் கூடாதுன்னு நீங்களே ஒரு வரி எழுதிருங்க. அவர் கேட்டு எழுத வைக்கிறதுக்கு முன்னாடி அது அங்கே இருக்கட்டும்.